நீரின் ஆற்றலை நெடுந்தொலைவு செலுத்தியவர்

மலையினின்று வீழும் நீரிலே பேராற்றல் உண்டு. அவ்வாற்றல் வீழும் இடத்திலேயே முடங்கிக் கிடப்பின், தொலைவிலுள்ள ஊர்களுக்கு அதனால் யாது பயன்? இவ்வினாவிற்கு விடைகாண முனைந்து வெற்றி கண்ட ஆஸ்கர் வான் மில்லர் என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் வாழ்வினை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென விழைகிறோம்.

அந்நாளில் தனியரசாக விளங்கிய பவேரியாவின் தலைநகர் மியூனிக்கில், 1855ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் மில்லர் பிறந்தார். தந்தையார் வெண்கல வார்ப்புக் கலையில் புகழ்பெற்றவர். மில்லர் பயின்றது கட்டடப் பொறியியலே; மின்னியல் அன்று. ஆயினும் 1881இல் பாரிசில் நடைபெற்ற மின்சாரப் பொருட்காட்சி அவர் வாழ்வின் திசையையே மாற்றிற்று.

மறு ஆண்டே மியூனிக்கில் அத்தகைய பொருட்காட்சி ஒன்றினை அமைத்தார். மார்செல் டெப்ரே என்னும் பிரெஞ்சு அறிஞரின் துணையுடன், மீஸ்பாக் என்னும் ஊரிலிருந்து 57 கிலோமீட்டர் தொலைவிற்கு நேர்மின்னோட்டத்தைக் கம்பி வழியே செலுத்தினார். அம்மின்சாரம் பொருட்காட்சியில் ஒரு செயற்கை அருவியை இயக்கிற்று. ஆனால், அனுப்பிய ஆற்றலின் பெரும்பகுதி வழியிலேயே வீணாயிற்று. மில்லர் மனந்தளர்ந்தாரல்லர்.

மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதே ஆற்றலைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம். கம்பி சூடாவதால் நேரும் இழப்பும் குறையும். மாறுமின்னோட்டமாயின் மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை எளிதில் ஏற்றவும் இறக்கவும் இயலும். 1891இல் பிராங்க்பர்ட் பொருட்காட்சிக்குத் தலைமை ஏற்ற மில்லர், இவ்வுண்மையை உலகறியச் செய்தார். நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள லாஃபனில் நீராற்றலால் விளைந்த மூன்றுகட்ட மின்சாரம், 15,000 வோல்ட் அழுத்தத்தில் 175 கிலோமீட்டர் கடந்து பிராங்க்பர்ட்டை அடைந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு ஆற்றல் வந்து சேர்ந்தது. டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி, சார்லஸ் பிரவுன் ஆகிய வல்லுநர்களின் கைத்திறமும் இவ்வெற்றிக்கு அடிப்படையாயிற்று. ஆயிரம் விளக்குகள் ஒளிர்ந்தன. செயற்கை அருவி மீண்டும் பாய்ந்தது. மறு ஆண்டு ஹைல்பிரான் நகரம் லாஃபன் மின்சாரத்தைப் பெற்றது.

பின்னர், பவேரியா முழுவதற்கும் ஒரே மின்வலை வேண்டுமென மில்லர் திட்டமிட்டார். வால்ஹன் ஏரிக்கும் கோஹல் ஏரிக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 200 மீட்டர் உயர வேறுபாட்டைப் பயன்படுத்தும் மின்நிலையம் 1918இல் தொடங்கப்பெற்று, 1924இல் இயங்கலாயிற்று. 1,10,000 வோல்ட் கம்பிகள் அம்மாநிலத்தை இணைத்தன.

மின்சாரத்தைப் பரப்பியது போன்றே அறிவையும் பரப்பினார் மில்லர். 1903இல் அவர் நிறுவிய ஜெர்மன் அருங்காட்சியகத்தில் காண்போர் தாமே கைப்பிடியைச் சுழற்றிப் பொறிகளை இயக்கிப் பார்க்கலாம். அதன் பெருங்கட்டடம் அவரது எழுபதாம் பிறந்த நாளான 1925 மே 7 அன்று திறக்கப்பட்டது. 1934 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஓரிடத்தில் தேங்கிய ஆற்றல் ஊர்தோறும் சென்றபோதே ஒளியாயிற்று. கல்வியும் அத்தகையதே. கற்றவர் தாம் பெற்றதைப் பிறர்க்கும் கொண்டு சேர்த்தல் வேண்டும். முதல் முயற்சியில் பெரும்பகுதி வீணாயினும் முயற்சியைக் கைவிடலாகாது. இதுவே மில்லரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளும் பாடமாகும்.