தீரர் சத்தியமூர்த்தி

எங்கள் கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையினின்று அறந்தாங்கி வழியே மேற்றிசை செல்வார், பாறைக் குன்றின்மீது கோட்டையைச் சுமந்து நிற்கும் திருமயத்தைக் காண்பர். தீரர் சத்தியமூர்த்தி 1887 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆம் நாள் பிறந்தது அவ்வூரிலேயாம். அந்நாளில் திருமயம் புதுக்கோட்டை மன்னரது தனியரசினுள் அடங்கியிருந்தது. அவ்வரசிற்குக் கடற்கரை இல்லை. 1974 இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபின்னரே எம்மூரும் அவரூரும் ஒரு மாவட்டத்தனவாயின.

தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர். அவரை இளமையிலேயே இழந்த சத்தியமூர்த்தி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் கல்லூரி மாணவராகிய எமக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்? சட்டம் கற்று, புகழ்பெற்ற வழக்கறிஞராகிய சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். ஆயினும், நீதிமன்றத்திற் பொருளீட்டுதற்குரிய நாவன்மையை நாட்டின் வழக்கிற்கே செலவிட்டனர். 1919 இல் காங்கிரசுத் தூதுக் குழுவினருள் ஒருவராய் இங்கிலாந்து சென்று, மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் குறைகளை எடுத்துரைத்தார்.

1923 இல் சுயராச்சியக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபையுட் புகுந்தார். சட்டசபை என்பது ஆங்கில அரசின் அலங்காரக் கூடமே என்று பலர் ஒதுக்கியிருந்த காலம் அது. அவரோ, அதன் விதிகளையே படைக்கலமாகக் கொண்டார். கேள்வி நேரத்தில் அமைச்சர் ஒரு விடை கூறி அமர்வர். அவ்விடையிலிருந்தே துணைக் கேள்வியொன்று பிறக்கும். அதன் விடையிலிருந்து மற்றொன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் கலையே ஈண்டு அரசினரைக் கூண்டிலேற்றியது.

அவர் செய்தனவெல்லாம் எமக்கு உடன்பாடல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது, அவர் எதிர்த்து நின்றார். கலையின்மீதும் பழமையின்மீதும் அவர் கொண்ட பற்று, அப்பெண்டிரின் துயரைக் காணவொட்டாது தடுத்தது போலும்.

பதவி இருமுறை அவர் கட்சியை நெருங்கிற்று. 1926 தேர்தலில் சுயராச்சியக் கட்சி பெரும் வெற்றி பெற்றும், இரட்டையாட்சியில் பதவி ஏலாமை காங்கிரசின் கொள்கையாதலின், சுப்பராயன் முதலமைச்சரானார். 1937 இல் நிலைமை வேறு. அப்போது சத்தியமூர்த்தி தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவர். இளைஞர் காமராசரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டு ஊர்தோறும் அலைந்து வாக்குத் திரட்டியவர். 215 இடங்களுள் 159 காங்கிரசிற்குக் கிடைத்தன. ஆனால், அவர் நிற்கவிருந்த பல்கலைக்கழகத் தொகுதி இராசாசிக்கு விடப்பட்டது. மாகாணப் பிரதம மந்திரியானவரும் இராசாசியே. சத்தியமூர்த்தி தில்லி மத்திய சட்டசபையிலேயே தங்கினார். உள்ளம் புண்பட்டிருக்குமென்றே கருதுகிறோம். எனினும், கட்சியை விட்டாரல்லர். புதிய மந்திரிசபையின் வலிமையைக் குலைக்கவும் முற்பட்டாரல்லர்.

அவருக்கு வாய்த்த நிர்வாகப் பதவி, 1939 இற் கிடைத்த சென்னை நகர மேயர் பதவி ஒன்றே. நகரம் குடிநீரின்றி வாடியது. கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணைகட்டி நீர் தேக்கும் திட்டத்தை அவர் விடாது வற்புறுத்தினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1940 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

1942 ஆகஸ்டுப் புரட்சியின்போது, பம்பாயிலிருந்து திரும்பும் வழியில் சத்தியமூர்த்தி சிறைப்பட்டார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பயணத்தில் முதுகெலும்பு ஊறுபட்டது, அந்நோய் தீரவில்லை. 1943 மார்ச்சு 28 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் 1944 ஜூனில் திறக்கப்பட்டது. அஃது இன்று சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்குகிறது.