உடம்பைப் பழக்க நினைத்தார், எதிர்மாறாக நடந்தது: அலர்ஜியின் ஆபத்தைக் கண்டுபிடித்த ஷார்ல் ரிஷே யார்?

ஒரே ஒரு வேர்க்கடலை. அதைச் சாப்பிட்ட குழந்தைக்கு உதடு வீங்கி, மூச்சுத் திணறுகிறது. டாக்டர்கள் இதை அனாஃபிலாக்சிஸ் என்கிறார்கள். இந்தப் பெயரைத் தந்தவர் பிரெஞ்சு உடலியல் விஞ்ஞானி ஷார்ல் ரிஷே.

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரின் வேர், 1823-ல் பிரெஞ்சு ஆட்சி இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதற்கு 27 வருஷம் கழித்து, 1850-ல் பாரிஸில் பிறந்தார் ரிஷே. அப்பா அறுவை சிகிச்சைப் பேராசிரியர். மகன் 1887-ல் பாரிஸிலேயே உடலியல் பேராசிரியர் ஆனார்.

நெப்டியூனுக்கு என்ன ஆச்சு?

1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில், போல் போர்ட்டியேவுடன் சேர்ந்து கடலுயிரிகளின் விஷத்தை ஆராய்ந்தார். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தி விஷத்தை நாய்களுக்கு ஊசியில் கொடுத்தார்கள். கொஞ்சம் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்பது கணக்கு. ஆனால் நெப்டியூன் என்ற நாய், சில வாரம் கழித்துப் போட்ட இரண்டாவது ஊசியில் சுமார் 25 நிமிடத்தில் இறந்துபோனது. பாதுகாக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆளைக் கொல்லும் என்று 1902-ல் உலகத்துக்குத் தெரிந்தது. 1913-ல் நோபல் பரிசு.

செல்களுக்குள் நடப்பது

காரணமான ஐஜிஇ என்ற ஆன்டிபாடி 1960-களில்தான் சிக்கியது. இது மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். கடலைப் புரதம் வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும்.

இன்றைய ஓரல் இம்யூனோதெரபியில், அதே கடலையை மில்லிகிராம் கணக்கில் தினமும் வாய்வழியாகக் கொடுத்து, அளவை மெல்ல ஏற்றுகிறார்கள். மாஸ்ட் செல்களின் வேகம் குறைகிறது. புரதத்தை இடைமறிக்கும் ஐஜிஜி4 ஆன்டிபாடி கூடுகிறது. அலர்ஜியைத் தூண்டும் டி செல்கள் அடங்குகின்றன. ஆனால் நிறுத்திவிட்டால் பலருக்கு அலர்ஜி திரும்பிவிடுகிறது.

மறுபக்கம்

ரிஷே ஆவி ஆராய்ச்சியிலும் மூழ்கினார். இனவெறிக் கருத்துகளை எழுதினார், பிரான்ஸின் யூஜெனிக்ஸ் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1935-ல் காலமானார்.

உடம்பைப் பழக்கலாம் என்ற அவருடைய ஆசை இன்று ஓரளவு பலிக்கிறது. ஆனால் நெப்டியூனுக்கு நேர்ந்த ஆபத்து இந்தச் சிகிச்சையிலும் உண்டு. அதனால் வீட்டில் நீங்களாக முயற்சி செய்யவே கூடாது, அலர்ஜி நிபுணரின் மேற்பார்வை கட்டாயம்.