மரக்கடைக்கு உதவாத மகன்

ஜெர்மனியில் ஒரு வியாபாரி இருந்தார். அவருக்கு ஒரே மகன். தனக்குப் பிறகு மரக்கடையை அவன் நடத்துவான் என்று தந்தை ஆசைப்பட்டார்.

மகனோ கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளித்தான். வியாபாரம் அவனுக்கு வரவில்லை. கடைக்கு உதவாதவன் படிக்கவாவது போகட்டும் என்று தந்தை அனுப்பி விட்டார்.

அந்த மகன்தான், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரசாயன மேதை எமில் பிஷர்.

இளமை

கொலோன் நகருக்கு அருகே உள்ள ஆய்ஸ்கிர்சன் என்ற ஊரில், 1852-ம் ஆண்டு அக்டோபர் 9-ந்தேதி பிஷர் பிறந்தார். 1871-ல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். அங்கே பேயர் என்ற சிறந்த ஆசிரியர் கிடைத்தார். 22 வயது நிறையும் முன்பே பிஷர் டாக்டர் பட்டம் பெற்று விட்டார்.

உதவிய விஷம்

1875-ல் அவர் பினைல் ஹைட்ரசின் என்ற ரசாயனப் பொருளைக் கண்டுபிடித்தார்.

சர்க்கரையில் பல வகை உண்டு. அவை பாகாக இருக்கும்போது இது எது, அது எது என்று சொல்ல முடியாது. பிஷர் தம் பொருளை அதில் சேர்த்தார். மஞ்சள் நிறப் படிகங்கள் உண்டாயின. அவற்றைக் கொண்டு சர்க்கரை வகைகளை அடையாளம் கண்டார். 1891-ல் குளுக்கோசின் அமைப்பையே சொல்லி விட்டார்.

ஆனால் அந்தப் பொருள் விஷம். அதன் ஆவியைப் பல ஆண்டுகள் சுவாசித்ததால் அவருடைய உடல்நலம் கெட்டது. ஆனாலும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

பூட்டும் சாவியும்

1892-ல் பெர்லினில் பேராசிரியர் ஆனார். அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டார்.

சர்க்கரையிலிருந்து செய்த இரண்டு பொருள்கள். இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஒரு சிறு பகுதி திரும்பியிருக்கும் திசை மட்டுமே வேறு. ஈஸ்டில் உள்ள நொதி ஒன்றை மட்டும் உடைத்தது, மற்றதைத் தொடவில்லை. கசப்பு வாதுமையின் நொதியோ, மற்றதை உடைத்தது, முதலாவதைத் தொடவில்லை.

பூட்டுக்கு ஏற்ற சாவி போல, நொதிக்கு ஏற்ற வடிவம் வேண்டும் என்று 1894-ல் பிஷர் கூறினார்.

சர்க்கரை பற்றியும், காப்பியில் உள்ள காபீன் போன்ற பொருள்கள் பற்றியும் செய்த ஆராய்ச்சிக்காக, 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டில் துயரம்

புகழ் வந்தது, நிம்மதி வரவில்லை. 1895-ல் மனைவி ஆக்னஸ் இறந்தார். திருமணமாகி ஏழே ஆண்டுகள். தாயில்லாமல் நின்ற மூன்று பையன்களையும் பிஷர் வளர்த்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர்களில் இருவர் மாண்டனர். எஞ்சிய மகன் ஹெர்மன் தந்தையைப் போலவே ரசாயன அறிஞர் ஆனார்.

1919-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி, 66-வது வயதில் பிஷர் காலமானார்.

பதித்து எடுத்த பூட்டு

53 ஆண்டுகள் கழிந்தன. நொதியைப் போன்ற பூட்டை மனிதன் செய்ய முடியுமா என்று வுல்ப் என்ற ஜெர்மானிய அறிஞரும், சர்ஹான் என்பவரும் முயன்றார்கள். 1972-ல் வெற்றி கண்டார்கள்.

சாவியை மெழுகில் பதித்தால் பள்ளம் விழும் அல்லவா? அதே வழிதான். வேண்டிய பொருளின் மூலக்கூறை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் போன்ற ஒரு பொருளை இறுக வைப்பார்கள். பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்து விடுவார்கள். அதன் வடிவத்தில் பள்ளம் நிற்கும்.

பல பொருள்கள் கலந்த திரவத்தை அதன் மீது ஊற்றினால், பள்ளத்துக்கு ஏற்ற பொருள் வந்து ஒட்டிக் கொள்ளும். மற்றவை பெரும்பாலும் ஓடிவிடும். உணவிலும் தண்ணீரிலும் கலந்த பூச்சி மருந்தைப் பிரிக்கவும், ரத்தத்தில் உள்ள மருந்தை அறியவும் இம்முறை உதவுகிறது.

தந்தையின் கடைக்கு மகன் ஏற்ற சாவியாக இல்லை. அவர் திறக்க வேண்டிய பூட்டு வேறாக இருந்தது.