650 டாலர் வீடு

வாடகைக்கு ஒரு வீடு. கரண்ட் கிடையாது. குழாயைத் திறந்தா தண்ணி வராது, ஏன்னா குழாயே கிடையாது. கழிவறை வெளியே, இருட்டுல கொஞ்ச தூரம் நடக்கணும். குளிருக்கு விறகு அடுப்பு. ஹாஸ்டல்ல இப்படி ஒரு ரூம் கொடுத்தா நீங்க ஸ்ட்ரைக் பண்ணுவீங்க. ஆனா அமெரிக்காவின் தேசியக் காடுகளுக்குள் இருக்கும் இந்த மாதிரி பழைய கேபின்களுக்கு மக்கள் மாசக்கணக்கில் முன்னாடியே ஆன்லைனில் புக் பண்றாங்க.

இதில் பல கேபின்கள் டூரிஸ்டுக்காகக் கட்டியது இல்லை. 1905இல் அமெரிக்க வனத்துறை தொடங்கியபோது காட்டுக்குள் ரோடு கிடையாது. ரேஞ்சர்கள் குதிரையில்தான் சுற்றணும். ராத்திரி தங்க அங்கங்கே மரத்தில் வீடு கட்டினாங்க. ரோடும் ஜீப்பும் வந்த பிறகு பல வீடுகள் சும்மா கிடந்தன. இடிக்க மனசில்லாத வனத்துறை அதில் சிலதை வாடகைக்கு விட ஆரம்பிச்சது.

அந்தக் குதிரைக் காலத்தில் அப்படி ஒரு வீட்டைக் கட்டியவர்தான் ஆல்டோ லியோபோல்ட். சுற்றுச்சூழல் பேப்பர் படிச்சவங்க இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சிலபஸ் சொல்லாத பகுதியைத்தான் நான் சொல்லப் போறேன்.

1887இல் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படிச்சு, 1909இல் நேரா அரிசோனா காட்டில் வேலை. வயசு 22. நம்ம வயசுதான்! 1912இல் நியூ மெக்சிகோவில் கார்சன் தேசியக் காட்டின் சூப்பர்வைசர் ஆயிட்டார். ஆடுமாடுகள் அளவுக்கு மீறி மேய்ஞ்சு புல்லெல்லாம் போயிருந்த காடு அது.

அந்த வருஷம் அவருக்கு எஸ்டெல்லாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அலுவலகம் இருந்தது ட்ரெஸ் பியத்ராஸ் என்ற குக்கிராமத்தில். சூப்பர்வைசர் வீட்டுக்கு அரசாங்கம் ஒதுக்கிய பணம் 650 டாலர். பிளானை அவரே போட்டார். கிழக்கே பார்த்த திண்ணை, அங்கே உட்கார்ந்தா ரியோ கிராண்டே பள்ளத்தாக்கும் அதுக்கு அந்தப் பக்கம் பனி மலைகளும் தெரியும். உள்ளே ஒரு கணப்பு. ஸ்பானிஷில் 'மி கசிட்டா' என்று பேர் வெச்சாங்க. என் குட்டி வீடு என்று அர்த்தம். அக்டோபரில் கல்யாணம் முடிஞ்சு இரண்டு பேரும் குடி வந்தாங்க.

ஏழு மாசம்கூட முழுசா அங்கே இருக்கக் கொடுத்து வைக்கலை. 1913 ஏப்ரலில் மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கக் குதிரையில் கிளம்பியவர் ஆலங்கட்டி மழையிலும் பனியிலும் மாட்டிக்கிட்டார். படுக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. கால் வீங்கி, பூட்ஸை வெட்டித்தான் கழட்ட முடிஞ்சது. சிறுநீரக நோய். அந்தக் காலத்தில் அதுக்குச் சரியான மருந்தே இல்லை, ஓய்வு மட்டும்தான். எஸ்டெல்லா அப்போ கர்ப்பமா இருந்தார். திரும்ப வேலைக்குப் போக 1914 செப்டம்பர் ஆயிடுச்சு. மி கசிட்டாவில் மறுபடி குடும்பம் நடத்த அவங்களால முடியவே இல்லை. அந்த வீடு இன்னும் இருக்கு. இப்போ எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுத்து அங்கே தங்கி எழுத வைக்கிறாங்க.

இதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்கு ஆச்சரியம். காட்டுக்குள் வீடு கட்டிய அதே மனுஷன், வீடும் ரோடும் இல்லாத ஒரு காடு வேணும்னு 1922இல் வனத்துறைகிட்ட கேட்டார். 1924இல் கிலா என்ற பகுதியில் 7 லட்சம் ஏக்கருக்கும் மேல அப்படியே விட்டாங்க. அமெரிக்காவில் அரசு அப்படி ஒதுக்கிய முதல் இடம் அதுதான்.

உடனே அவரை மகானாக்கிடாதீங்க. 1909இல் அரிசோனாவில் ஒரு தாய் ஓநாயைச் சுட்டு, அது சாகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். சினிமாவா இருந்தா அந்த ஷாட்டிலேயே மனசு மாறியிருக்கும். இவர் மாறலை. ஓநாய் குறைஞ்சா மான் பெருகும், வேட்டைக்காரங்களுக்கு நல்லதுன்னு அதுக்கப்புறமும் பல வருஷம் ஓநாய்களை ஒழிக்கச் சொல்லி எழுதினார். மான்கள் பெருகி மலையையே மேய்ஞ்சு மொட்டையாக்கி, பிறகு பட்டினியில் சாகிறதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா யோசனை மாறியது. அந்த ஓநாயைப் பற்றி எழுதி முடிச்சது 1944இல். 35 வருஷம்!

1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1935இல் ஆற்றோரமா வீணாப்போன பண்ணை ஒன்றை வாங்கினார், 80 ஏக்கர். அங்கே மிச்சம் நின்ற ஒரே கட்டடம் கோழிக்கூண்டு, உள்ளே எருக் குவியல். எஸ்டெல்லாவும் அஞ்சு பிள்ளைகளும் சேர்ந்து அதைச் சுத்தம் பண்ணாங்க. ஆற்றில் மிதந்து வந்த பலகைகளை வெச்சு ஒட்டுப்போட்டாங்க. கரண்ட், குழாய் எதுவும் இல்லை. வார இறுதி வந்தா குடும்பமே அங்கேதான். வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டாங்க. ஆரம்பத்தில் நட்டதில் பெரும்பாலானவை வறட்சியில் கருகிப்போச்சு. திரும்பவும் நட்டாங்க.

அந்தக் கூண்டில் விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுதின குறிப்புகள்தான் பிறகு புத்தகமாச்சு. பதிப்பகங்கள் அதைச் சுலபமா ஏத்துக்கலை, திருப்பி அனுப்பினாங்க. 1948 ஏப்ரல் 14 அன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் சம்மதம் சொன்னது. சரியா ஒரு வாரம். ஏப்ரல் 21 காலையில் பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடிச்சது. அணைக்க ஓடினவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயசு 61.

அவர் மகன் லூனா படிச்சது சிவில் இன்ஜினியரிங், நம்ம ஆளு. ஆறுகள் ஏன் வளைஞ்சு வளைஞ்சு ஓடுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பின்னாடி பெரிய பேர் வாங்கினவர். அப்பாவோட கையெழுத்துப் பிரதியைக் கடைசியாகச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பினது அவர்தான். புத்தகம் 1949இல் வந்தது.