ஒயின் வண்டிக்குள் ஒரு இருட்டறை! - இடிந்த மடாலயங்களைத் தேடிப்போன ரோஜர் ஃபென்டன்

சிதைஞ்ச கோட்டைக்கோ, பழைய மண்டபத்துக்கோ போனா முதல்ல என்ன பண்ணுவீங்க? போனை எடுத்து நாலு கிளிக். பிடிக்கலைன்னா டெலீட். அந்த ஒரு கிளிக்குக்காக இருட்டறையையே குதிரை வண்டியில ஏத்திக்கிட்டுப் போன ஒருத்தர் இருந்தார். பெயர், ரோஜர் ஃபென்டன்.

1819-ல் இங்கிலாந்தின் லங்காஷைரில், பஞ்சாலையும் வங்கியும் நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்தார். ஓவியம் கற்க பாரிஸ் போனார். ஓவியத்தில் பெரிய பெயர் கிடைக்கவில்லை. கேமரா பக்கம் திரும்பினார். 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் கௌரவச் செயலாளர் இவர்தான்.

அடுத்த வருஷம் ஒயின் வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை வாங்கி, அதை நடமாடும் இருட்டறையாக மாற்றினார். வண்டி போன இடம் யார்க்‌ஷைர். அங்கேதான் ரீவோ, ஃபவுன்டன்ஸ் மடாலயங்கள் இருக்கின்றன. இரண்டுமே 1132-ல் தொடங்கப்பட்டவை. 1530-களில் எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களை மூடச் சொல்ல, கூரையில் இருந்த ஈயத்தைக்கூட உருக்கி எடுத்துட்டாங்க. கூரை போன பிறகு மழைக்கும் காற்றுக்கும் தப்பியவை சுவர்களும் வளைவுகளும்தான்.

அங்கே ஒரு படம் எடுக்க என்ன பாடு தெரியுமா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசணும். வெள்ளி நைட்ரேட்டில் முக்கணும். ஈரம் காயறதுக்குள்ள படமெடுத்து, வண்டிக்குள்ள ஓடிப்போய் கழுவணும். சில நிமிஷம் தாமதிச்சாலும் தகடு வீண்!

அதனால எங்கே நிக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணணும். ஃபென்டன் அதில் கில்லாடி. முழுக் கட்டடத்தையும் அடக்கப் பார்க்காமல், ஒரு வாசலையோ வளைவையோ மட்டும் எடுப்பார். தூணருகே ஓர் ஆளை நிறுத்துவார். அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்ததும்தான் தூண் எவ்வளவு உயரம்னு நமக்கு உறைக்கும்.

1855-ல் அதே வண்டி கிரிமியப் போர்க்களத்துக்குக் கப்பலேறியது. ரஷ்ய பீரங்கிகள் வண்டியையே குறிவைத்தன. காலராவும் படுத்தியது. ஆனாலும் சுமார் 360 படங்களோடு திரும்பினார். அவற்றில் மிகப் பிரபலமானதில் ஓர் ஆள்கூட இல்லை. வெறும் சாலை, சிதறிக்கிடக்கும் குண்டுகள். மனிதர்கள் போன பிறகு மிஞ்சும் இடத்தைப் பார்க்க, அந்த மடாலயங்கள் அவருக்குப் பழக்கியிருந்தன போல.

1860-ல் ஒரே மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். குடும்பத் தொழிலும் சரிந்தது. 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் புகைப்படத்தை ஓவியங்களோடு வைக்காமல் இயந்திரங்களோடு சேர்க்கத் திட்டமிட்டார்கள்; புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டே ஃபென்டன் கேமராக்களையும் நெகட்டிவ்களையும் விற்றுவிட்டு வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். கேமராவோடு இருந்தது வெறும் 10 வருஷம்தான். 1869-ல் இறந்தபோது வயது 50.

அவர் அடக்கம் செய்யப்பட்ட தேவாலயத்தை 1969-ல் இடித்தபோது கல்லறையும் போயிடுச்சு. ஆனா, அவர் எடுத்த ரீவோ வாசல் இன்னைக்கும் படத்துல அப்படியே நிக்குது.

அடுத்த முறை இடிஞ்ச சுவர் எதையாவது படமெடுத்தா, பக்கத்துல ஒருத்தரை நிக்க வெச்சுப் பாருங்க. செல்ஃபிக்காக இல்லை, அந்தச் சுவரோட உயரம் தெரியறதுக்காக!