நாகபுரியில் டாட்டா கற்பித்த பாடம்

நாம் வாழும் இந்நாகபுரியில், காந்திசாகர் என்று இன்று வழங்கும் ஜும்மா தலாவின் கரையோரம் நடக்கும் நம் பிள்ளைகள், அங்கே ஒரு காலத்தில் எம்ப்ரஸ் ஆலையின் சங்கு ஒலித்ததை அறியார். அந்த ஆலை இன்று இல்லை. ஆயினும் அதனை நிறுவிய ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா, பலரைக் கூட்டி வேலை நடத்துவது எப்படி என்று இம்மண்ணில் காட்டிச் சென்ற பாடம், இவ்வாண்டு விழா மலரில் நினைக்கத்தக்கது.

ஜம்ஷெட்ஜி 1839 மார்ச் 3-ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரியில், பார்ஸி புரோகிதர் குலத்தில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, தந்தையாரின் வியாபாரத்தில் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது; அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார். கம்பெனி நொடித்த நிலையில் அவர் கணக்கை ஒளிக்கவில்லை. கடன் கொடுத்தோர் முன் விரித்து வைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்களே, மாதம் 20 பவுன் சம்பளத்தில் அவரையே அக்கணக்குகளைப் பைசல் செய்ய நியமித்தனர். பணம் போயிற்று, நம்பிக்கை நின்றது. பணத்தைவிடப் பெரிய முதல் ஒன்று உண்டு என்பதை இளமையிலேயே அவர் அனுபவித்து அறிந்தார்.

1874-இல் 15 லட்ச ரூபாய் மூலதனத்தில் அவர் ஒரு கம்பெனி தொடங்கினார். ஆலைகளெல்லாம் பம்பாயில் பெருகிய அக்காலத்தில், பருத்தி விளையும் நாட்டின் நடுவே, ரயில் பாதையும் நிலக்கரியும் எட்டும் தூரத்திலிருந்த நாகபுரியை அவர் தேர்ந்தார். வாங்கிய இடமோ சதுப்பு நிலம். உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், பூமியில் பொன்னைப் புதைக்கும் காரியத்துக்குப் பணம் தருவதில்லை என்று மறுத்துவிட்டார். 1877 ஜனவரி 1-ஆம் நாள், விக்டோரியா அரசி இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்ட தினத்தில், ஆலை திறக்கப்பெற்றது.

ஆலையை நடத்த ஜம்ஷெட்ஜி தேர்ந்தவர் பெஸான்ஜி தாதாபாய் மேத்தா. இவர் ஜி.ஐ.பி. ரயில்வேயின் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தவர். நூற்பைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ரயில்வே உத்தியோகஸ்தராகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. தொழில் தெரிந்தவரைத் தேடாமல், தொழிலைக் கற்கும் திறமும் மக்களை நடத்தும் குணமும் உடையவரை ஜம்ஷெட்ஜி தேடினார். இயந்திர நுட்பத்துக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் துணை நின்றார். இருவருக்கும் அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததால் முதலாளியின் பெருமை குறையவில்லை.

தொடக்கத்தில் ஜம்ஷெட்ஜியும் ஒரு தவறு செய்தார். சிக்கனம் கருதி மலிவான இயந்திரங்களை வாங்கினார். நூல் சரியாக வரவில்லை. பிழையை உணர்ந்து நல்ல இயந்திரங்களை வருவித்தார். லங்காஷயர் ஆலைகளே தயங்கிக் கொண்டிருந்த வளையக் கதிர்களையும் வரவழைத்து நாகபுரியில் சோதித்துப் பார்த்தார்.

தொழிலாளரை நடத்தியதில்தான் அவருடைய மனம் நன்கு விளங்குகிறது. அக்காலத் தொழிலாளர் ஆலை வாழ்வுக்குப் பழகாதவர். நினைத்தால் வருவர், நினைத்தால் நின்றுவிடுவர். அபராதம் விதிப்பதே அன்றைய வழக்கமான மருந்து. எம்ப்ரஸ் ஆலையோ வேறு வழி கண்டது. உள்ளே காற்றோட்டமும் ஈரப்பதமும் உண்டாக்கும் சாதனங்கள், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் ஆகியவை அமைந்தன. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்தி, நன்கு உழைத்தோருக்குக் கடிகாரமும் காப்பும் ரொக்கமும் வழங்கினர். 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு நஷ்டஈடும் ஏற்பட்டன. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் இவை செய்யப்பட்டன. படித்த இளைஞரை எடுத்துத் தொழில் கற்பிக்கும் திட்டமும் உண்டாயிற்று. கொடுத்ததனால் ஆலை நொடிக்கவில்லை. ஆள் நிலைத்தார்கள், லாபமும் பெருகியது.

1886-இல் பம்பாய்க் குர்லாவில் பழுதுற்ற ஆலை ஒன்றை வாங்கி, சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். அது பெருந்தொல்லை தந்தபோது, நாகபுரியில் பழகிய ஆட்களே சென்று கைகொடுத்தார்கள். முன்னர் இட்ட விதை தக்க சமயத்தில் விளைந்தது.

1892-இல் நம் நாட்டு இளைஞர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெற நிதி அமைத்தார். விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் ஒன்றுக்காகத் தம் சொத்தில் பெரும்பகுதியை ஒதுக்கினார். இரும்புத் தொழிலுக்கும் வேர் ஊன்றினார். கழகமும் இரும்புத் தொழிலும் உருப்பெறுவதைக் காணாமலே 1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் மறைந்தார். பெங்களூர்க் கழகம் 1911-இல் மாணவரை ஏற்றது. 1912-இல் எஃகு உருகி வந்தது. 1919-இல் அவ்வெஃகு நகர் ஜம்ஷெட்பூர் எனவும், காளிமாட்டி ரயில் நிலையம் டாட்டாநகர் எனவும் பெயர் பெற்றன. இளமையில் இந்நாகபுரியிலும் சில காலம் கணக்குத் துறையில் பணிபுரிந்த நம் சர் சி.வி. ராமன், 1933-இல் பெங்களூர்க் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எண்ணிப் பார்க்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

ஜம்ஷெட்ஜி ஊதாரி அல்லர். கணக்கு அறிந்த வியாபாரி. பணமும் பஞ்சும் எடுத்தால் குறைபவை. அறிவும் மதிப்பும் நம்பிக்கையும் பகிர்ந்தால் பெருகுபவை. இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதும்போதே நாம் தவறுகிறோம்.

இதைப் பிறர்மேல் வைத்துச் சொல்லவில்லை. ஒரு சமயம், புதிதாக வந்த இளைஞர் ஒருவருக்குச் சரக்குக் கணக்கின் நுட்பத்தைச் சொல்லித் தராமல் நாம் காலம் கடத்தினோம். அவர் கற்றுவிட்டால் நமக்கு மதிப்பு ஏது என்ற அச்சமே காரணம். பிறகு நாம் நோயுற்றுப் பல நாள் படுத்தபோது, மேசையில் வேலை மலையாகக் குவிந்தது. அவ்விளைஞர் திகைத்து நின்றார். காத்த இரகசியம் நம்மைக் காக்கவில்லை.

நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். நாடகம் எழுதும் இளைஞர், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க முன்வரும் சகோதரிகள், கணக்கு எழுதத் தெரிந்த புதியவர் எனப் பலர் நம் காலனியில் இருக்கின்றனர். பொறுப்பு நமக்கே என்று பெரியவர்களாகிய நாம் பற்றிக்கொண்டிருந்தால், நமக்குப் பின் விளக்கேற்ற ஆள் இராது. அடுத்த ஆண்டு விழாவின் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்து, நாம் பக்கத்தில் நிற்போமாக. டாட்டா ஆலை நடத்திய ஊரில் வாழும் நாம் அவருக்குச் செய்யும் நன்றிக்கடன் அதுவே.