தங்கக் கடிகாரமும் பத்து மணி நேரமும்



மலருக்கு ஒரு பிரபுவைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் ஒரே கிண்டல். பிரபுக்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. தொழிற்சாலைச் சட்டம் பாடத்தில் 1881 என்ற வருடத்தை மனப்பாடம் பண்ணும்போது, இதற்கெல்லாம் யார்தான் காரணம் என்று லைப்ரரியில் தேடினேன். அப்போது கிடைத்தவர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு.

1801 ஏப்ரல் 28 அன்று லண்டனில் பிறந்தார். பெயர் ஆண்டனி ஆஷ்லி கூப்பர். 1811இல் அப்பா ஆறாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆனார். வீட்டில் எல்லாம் இருந்தது, பாசம் மட்டும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அவருக்கு அன்பு காட்டிய ஒரே ஜீவன் மரியா மில்லிஸ் என்ற வேலைக்கார அம்மாள். அவர் இறந்தபோது தன் தங்கக் கடிகாரத்தை இந்தப் பையனுக்கு விட்டுப் போனார். சாகும்வரை அதைத்தான் இவர் வைத்திருந்தார். முதலில் சேர்த்த பள்ளிக்கூடமோ அழுக்கும் அடியும் நிறைந்த இடம். பிறகு ஹாரோ, ஆக்ஸ்போர்டு, முதல் வகுப்பு. 1826இல் உட்ஸ்டாக் தொகுதி எம்.பி. அது தாய்மாமன் கைக்குள் இருந்த தொகுதி. அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான்!

அப்போது இங்கிலாந்து நூற்பாலைகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும், நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். அவர்களுக்காகப் பேசிய மைக்கேல் சாட்லர் 1832 தேர்தலில் தோற்றுப்போனார். தொழிலாளர் பிரதிநிதிகள் ஆஷ்லியைத் தேடி வந்து கேட்க, அவர் ஒத்துக்கொண்டார். அதுவரை இதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ஒத்துக்கொண்ட பிறகு விடவும் இல்லை. 1841இல் பிரதமர் பீல் கொடுத்த பதவியைக்கூட, பத்து மணி நேர வேலை மசோதாவை அவர் ஆதரிக்கவில்லை என்பதால், வேண்டாம் என்றுவிட்டார்.

1833 சட்டப்படி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே ஆள் எடுக்கக்கூடாது. ஆனால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு ஆரம்பித்ததே 1837இல்தான். டாக்டர் உடம்பைப் பார்த்து ஒன்பது என்று எழுதினால் ஒன்பது. நாடு முழுவதற்கும் நான்கே இன்ஸ்பெக்டர்கள். இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர். ஆபீசர் வருகிறார் என்றால் சின்னப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியே ஓடச் சொல்வார்களாம். சட்டம் அன்றைக்கும் இருந்தது.

1842இல் நிலக்கரிச் சுரங்க விசாரணை அறிக்கை வந்தது. அதில் படங்களும் இருந்தன. இடுப்பில் சங்கிலி கட்டி, தவழ்ந்தபடி வண்டி இழுக்கும் சிறுமிகள். காற்றுக் கதவைத் திறந்து மூட இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு வயதுக் குழந்தைகள். ஆஷ்லி சபையில் பேசப் பேச உறுப்பினர்கள் கலங்கிப்போனார்கள். பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்று அதே வருடம் சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க ஒரே ஓர் அதிகாரி!

பத்து மணி நேரச் சட்டம் 1847இல் நிறைவேறியபோது அவர் சபையிலேயே இல்லை. தானியச் சட்டப் பிரச்சினையில் 1846இல் ராஜினாமா செய்திருந்தார். ஜான் ஃபீல்டன் அதை நிறைவேற்றினார். 1850இல் வாரம் 60 மணி நேரம் என்ற சமரசத்துக்கு ஒத்துக்கொண்டதற்காக, தொழிலாளர்களே அவரைத் துரோகி என்று திட்டினார்கள். அடுத்த வருடம் அப்பா இறந்து பட்டம் வந்தது, கூடவே கடனும் வந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. தொழிலாளிக்கு ஓய்வு கேட்ட இந்த மனிதர், தொழிலாளிக்கு ஓட்டுரிமை தருவதை எதிர்த்தார். தனக்காகத் தானே பேச அவர்களால் முடியும் என்று அவர் நம்பவில்லை போலிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஆனால் புகைபோக்கிப் பையன்கள் விஷயத்தில் அவர் பிடிவாதத்தைப் பார்க்க வேண்டும். கரி சுரண்டச் சிறுவர்களைப் புகைக்கூண்டுக்குள் ஏற்றுவதை 1840இல் சட்டம் தடுத்தது. யாரும் மதிக்கவில்லை. 1864இல் இன்னொரு சட்டம். அதையும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஓர் ஆஸ்பத்திரிப் புகைபோக்கியில் சிக்கி ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் செத்தான். எழுபது தாண்டிய ஷாஃப்ட்ஸ்பரி மறுபடியும் மசோதா கொண்டுவந்தார். இந்தத் தடவை போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் யாரும் அந்தத் தொழில் செய்ய முடியாது என்று வைத்தார்கள். அதன்பிறகுதான் அந்தக் கொடுமை நின்றது.

1879இல் பிரபுக்கள் சபையில் இந்திய ஆலைப் பிள்ளைகளுக்காகவும் பேசினார். பம்பாய் மில்களின் போட்டிக்குப் பயந்த லங்காஷயர் முதலாளிகளும் அப்போது சட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. 1881இல் இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 7 வயதுக்குக் கீழே வேலை கூடாது, 12 வரை ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான்.

1885 அக்டோபர் 1 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பிரார்த்தனை நடந்த அன்று ஏழை ஜனங்கள் தெருவெல்லாம் நின்றார்கள். அடக்கம் நடந்தது சொந்தக் கிராமத்தில். 1893இல் லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் அவர் நினைவாக ஒரு நீரூற்று கட்டி, உச்சியில் அம்பு விடும் இளைஞன் சிலையை அலுமினியத்தில் வார்த்து வைத்தார்கள். ஃபவுண்டரி லேபில் சாதாரணமாகக் கையாளும் அலுமினியம் அப்போது சிலைக்குப் புது உலோகம். போட்டோ எடுக்க வருகிறவர்கள் அதைக் காதல் தேவன் சிலை என்றே சொல்கிறார்கள்.